கர்தினால் கூசா நிக்கோலாசின் வாழ்வில் இணக்கமும் அதிகாரமும்: 'சமய நம்பிக்கையின் அமைதி' நூலில் இந்தியன் பெறும் இடம் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சமய, அரசியல், மெய்யியல் வரலாறுகள் மூன்றிலும் தவிர்க்க இயலாத பெயர் கர்தினால் கூசா நிக்கோலாஸ் (1401–1464) என்பதாகும். இன்றைய ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையிலுள்ள கூஸ் என்னும் ஊரில் படகு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், திருச்சபைச் சட்ட வல்லுநராகவும், பாப்பரசரின் தூதராகவும், ஆயராகவும், கர்தினாலாகவும் உயர்ந்தார். அதே வேளை, இறைவனை அறிய முயலும் அறிவு தன் எல்லையை உணரும் இடத்திலேயே உண்மையான அறிவு தொடங்குகிறது என்று எழுதிய மறைஞானியாகவும் விளங்கினார்.

இத்தகைய இருமுகம் கொண்ட வாழ்வை ஆய்வாளர் பலரும் இரண்டாகப் பிரித்தே நோக்கியுள்ளனர். 1920 ஆம் ஆண்டு வெளிவந்த வான்ஸ்டீன்பெர்க்கின் பிரெஞ்சு வாழ்க்கை வரலாறு 'செயல்', 'சிந்தனை' என்னும் இரு தலைப்புகளின் கீழ் அமைந்தது. எர்ன்ஸ்ட் காசிரர் 1927 இல் எழுதிய நூல், சிந்தனையாளரான நிக்கோலாசை மறுமலர்ச்சிக்கால மெய்யியலின் வாயிலில் நிறுத்தியது. 1964 இல் அவரது ஐந்நூறாவது நினைவாண்டில் நூல் எழுதிய கார்ல் யாஸ்பர்ஸ், சிந்தனையைப் போற்றியதோடு, அரசியல் வாழ்வில் அவர் தோல்வியுற்றவர் என்னும் கடுமையான தீர்ப்பையும் வழங்கினார். பிரித்து நோக்கும் இம்முறையில் ஒரு வசதி உண்டு. நூல்களைப் பாராட்டவும் செயல்களைக் கண்டிக்கவும் அது இடந்தருகிறது. ஆயின், நூல்களுக்குள்ளேயே செயலின் தடங்கள் பதிந்திருப்பதை அது மறைத்துவிடுகிறது.

இக்கட்டுரை 1453 ஆம் ஆண்டு எழுதப்பெற்ற 'சமய நம்பிக்கையின் அமைதி' என்னும் உரையாடல் நூலை மையமாகக் கொண்டு, அந்நூலில் இந்தியன் ஒருவன் பேசும் சிறு பகுதியை அவரது வாழ்க்கை நிகழ்ச்சிகளோடு பொருத்தி ஆராய்கிறது. சமய நல்லிணக்கத்தின் முன்னோடி நூல் என்று பரவலாகப் போற்றப்படும் அதில், மாற்றுச் சமயத்தார்க்கு உண்மையாகவே பேச்சுரிமை வழங்கப்பட்டுள்ளதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

1. ஒப்புதலின் சட்ட வல்லுநர்

நிக்கோலாஸ் 1416 இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பின்னர் இத்தாலியிலுள்ள பதுவாவுக்குச் சென்று, 1423 இல் திருச்சபைச் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் புவியியல் அறிஞராகப் புகழ்பெற்ற தொஸ்கனெல்லி, கர்தினால் பதவி ஏற்ற செசரீனி ஆகியோரின் நட்பு அங்கேதான் வாய்த்தது. லூவேன் பல்கலைக்கழகம் இருமுறை பேராசிரியப் பதவிக்கு அழைத்தும் அவர் ஏற்கவில்லை. வழக்குகளும் பேச்சுவார்த்தைகளும் நிறைந்த பொதுவாழ்வையே தெரிந்துகொண்டார்.

திரியர் பேராயர் பதவிக்கான தகராறில் ஒரு தரப்பின் வழக்குரைஞராக 1432 இல் பேசல் பொதுச்சங்கத்துக்குச் சென்ற அவர், மறு ஆண்டில் 'கத்தோலிக்க இணக்கம்' என்னும் நூலை அச்சங்கத்தின் முன் வைத்தார். மனிதர் இயல்பால் உரிமையுடையவர். ஆதலால் ஆட்சி என்பது ஆளப்படுவோரின் ஒப்புதலால் மட்டுமே முறையானதாகும் என்பது அந்நூலின் உயிர்நாடி. ஆயர்களும் தம் மக்களின் ஒப்புதலோடு தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அவர் வாதிட்டார். பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குலகைப் பாப்பரசர்க்குக் கொடையளித்ததாகக் கூறும் ஆவணத்தின் நம்பகத்தன்மையை, லொரன்சோ வல்லா 1440 இல் தம் புகழ்பெற்ற மறுப்பை எழுதுவதற்கு முன்பே, இந்நூல் ஐயுற்றது.

நான்கு ஆண்டுகளில் நிலைமை மாறியது. கிரேக்கத் திருச்சபையோடு ஒன்றிணைவதற்கான கூட்டத்தை எங்கு நடத்துவது என்னும் வினாவில் 1437 மே மாதம் பேசல் சங்கம் பிளவுற்றது. பெரும்பான்மையினர் ஒரு பக்கம் நிற்க, நிக்கோலாஸ் பாப்பரசர்க்கு ஆதரவான சிறுபான்மையினரோடு நின்றார். கட்சி மாறியவர் என்று எதிரிகள் பழித்தனர். எனினும் அவர் பக்கம் ஒரு சட்ட நியாயம் இருந்தது. எண்ணிக்கையில் மிகுந்த பகுதி வேறு, தெளிவில் மிகுந்த பகுதி வேறு. ஒப்புதல் என்பது தெளிவுடைய பகுதியிடமே உறைகிறது என்பதே அந்நியாயம்.

இம்மாற்றத்தைத் தனிப்பட்ட பதவி ஆசையாக மட்டும் காண்பது போதாது. 1433 இல் எண்ணப்பட்ட ஒப்புதல் 1437 இல் எடைபோடப்படும் ஒப்புதலாக மாறுகிறது. யார் எடைபோடுவது என்னும் வினா அப்போது விடையின்றியே நின்றது. பதினாறு ஆண்டுகள் கழித்து 'சமய நம்பிக்கையின் அமைதி' அதற்கு ஒரு விடை தருகிறது.

2. கடல்வழி வந்த கருத்து

சிறுபான்மைத் தரப்பின் தூதருள் ஒருவராக அவர் 1437 இல் கான்ஸ்டான்டிநோபிள் நகருக்குச் சென்றார். பேரரசர் எட்டாம் யோவான் பலையொலோகஸ், கிரேக்க மறைமுதல்வர், ஆயர்கள், அறிஞர்கள் அடங்கிய பெருங்குழுவை இத்தாலிக்கு அழைத்துவரும் கடற்பயணம் 1438 பெப்ரவரியில் வெனிசில் முடிந்தது. அப்பயணத்தின்போது, தம் முயற்சியால் அன்றி மேலிருந்து வந்த ஒளியாக, தம் மெய்யியலின் அடிப்படை தமக்குத் தோன்றியதாக அவரே செசரீனிக்கு எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். அம்மடல் 1440 பெப்ரவரியில் கூஸ் நகரில் எழுதி முடித்த 'கற்றறிந்த அறியாமை' நூலின் இறுதியில் இடம்பெறுகிறது.

எல்லையற்ற ஒன்றுக்கும் எல்லையுடைய அறிவுக்கும் இடையே அளவுப் பொருத்தம் இல்லை. ஆதலால் இறைவனைத் துல்லியமாக அறிய முடியாது என்பதை அறிவதே அறிவின் உச்சம் என்பது அந்நூலின் முதற்கருத்து. எல்லையற்ற பெருமையில் முரண்கள் ஒருமிக்கின்றன என்பது இரண்டாவது கருத்து. வட்டத்தின் விட்டம் எல்லையின்றி வளரும்போது அதன் வளைவு நேர்கோட்டோடு ஒன்றாகும் என்னும் கணித உவமை இக்கருத்தை விளக்குகிறது. ஹைடல்பெர்க் பேராசிரியர் யோகன்னஸ் வெங்க் இதனை அறிவையே அழிக்கும் கொள்கை எனச் சாடினார். 1449 இல் நிக்கோலாஸ் அதற்கு மறுமொழி எழுதினார்.

இக்கொள்கை சமய அரசியலுக்கு நேரடியாக உரியது. எவராலும் இறைவனைத் துல்லியமாக அறிய இயலாதெனில், சமயங்களுக்கிடையிலான வேறுபாடுகள் யாவும் துல்லியமின்மையின் வேறுபாடுகளே ஆகும். இம்முடிவை அவர் எவ்வளவு தூரம் எடுத்துச் சென்றார் என்பதில்தான் அவரது வாழ்வின் சிக்கல் அடங்கியுள்ளது.

3. விண்ணகத்தில் கூடிய அவை

1453 மே 29 அன்று கான்ஸ்டான்டிநோபிள் உதுமானியர் வசமாயிற்று. அந்நகரைத் தம் கண்ணால் கண்டவர் நிக்கோலாஸ். ஐரோப்பாவெங்கும் சிலுவைப்போருக்கான அறைகூவல்கள் எழுந்த வேளையில், செப்டெம்பர் மாதத்தில் அவர் எழுதியது ஓர் உரையாடல் நூல். அந்நகரை முன்னர்க் கண்டிருந்த ஒருவர், அங்கு நிகழ்ந்த கொடுமைகளைக் கேட்டு வருந்தி வேண்ட, அவருக்கு ஒரு காட்சி அருளப்படுகிறது. சமயத்தின் பெயரால் சிந்தப்படும் குருதி குறித்து வானதூதர்கள் இறைவனிடம் முறையிடுகின்றனர். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஞானமுடையோர் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். கிரேக்கன், இத்தாலியன், அரேபியன், இந்தியன், கல்தேயன், யூதன் எனத் தொடங்கி ஆங்கிலேயன் ஈறாகப் பதினேழு பேர் பேசுகின்றனர். முதல் எண்மருக்கு இறைவார்த்தையும், அடுத்த ஐவருக்குத் தூய பேதுருவும், இறுதி நால்வருக்குத் தூய பவுலும் விடையளிக்கின்றனர்.

வழிபாட்டு முறைகள் பலவாயினும் அவற்றுக்கு அடிப்படையான சமயம் ஒன்றே என்பது நூலின் முடிபு. சடங்குகளில் ஒருமை காண இயலாத இடங்களில், நம்பிக்கைக்கும் அமைதிக்கும் ஊறு நேராதவரை, ஒவ்வொரு நாட்டினரையும் தத்தம் முறைகளில் விட்டுவிடலாம் என்பது வரை பவுலின் உரை செல்கிறது. போர்முரசு கொட்டிய ஆண்டில் இவ்வாறு எழுதத் துணிந்தமையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் அவையின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. பேசலில் அவர் கண்ட சங்கத்தில் வாக்கெடுப்பு இருந்தது, கூச்சல் இருந்தது, பிளவு இருந்தது. விண்ணக அவையில் இவை எவையும் இல்லை. பேராளர்களை அவர்தம் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மேலிருந்தே தெரிவு நிகழ்கிறது. அனைவரும் ஞானமுடையோராதலால், தெளிவுடைய பகுதி எது என்னும் பழைய தகராறுக்கே இடமில்லை. இணக்கம் முதலில் விண்ணகத்தில் முடிவாகிறது. பின்னரே ஞானியர் தத்தம் நாடு திரும்பி மக்களை வழிநடத்தி, எருசலேமில் கூடி அதனை உறுதிசெய்ய வேண்டும் என்று நூல் நிறைவுறுகிறது. சங்கத்தில் நம்பிக்கை இழந்த சங்கவாதி ஒருவரின் கனவாகவே இவ்வமைப்பு தோன்றுகிறது. ஒப்புதல் என்னும் கொள்கையை அவர் கைவிடவில்லை. மறுப்பு எழ முடியாத இடமொன்றுக்கு அதனை எடுத்துச் சென்றுவிட்டார்.

4. இந்தியனின் வினாக்கள்

நான்காவதாகப் பேசும் இந்தியனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, அவன் வழிபடும் தெய்வத்துக்கும் பெயரில்லை. உருவ வழிபாட்டின் பிரதிநிதியாகவே அவன் அவையில் நிற்கிறான். சிலைகள், படிமங்கள் பற்றி யாது கூறுவது என்பது அவனது முதல் வினா. ஒரே இறைவனின் வழிபாட்டுக்குரியவற்றை அறியத் துணைசெய்யும் படிமங்கள் கண்டிக்கத்தக்கன அல்ல. கல்லிலேயே தெய்வத்தன்மை கட்டுண்டு கிடப்பதாக எண்ணச் செய்பவை உடைக்கப்பட வேண்டியவை என்று இறைவார்த்தை விடை கூறுகிறது.

அடுத்து இந்தியன் ஒரு தடையை எழுப்புகிறான். தெய்வ உருவங்களிடமிருந்து கிடைக்கும் குறிமொழிகள் காரணமாக, தொன்றுதொட்ட வழக்கத்திலிருந்து மக்களை விலக்குவது அரிது என்பது அவன் கூற்று. அக்குறிமொழிகள் பெரும்பாலும் பூசகர்களின் புனைவுகள் என்பது விடை. கிரேக்கரும் உரோமரும் அரேபியரும் ஏமாற்றை உணர்ந்து உருவங்களைக் கைவிட்டது போல் இந்தியரும் கைவிடுவர். அவர்களிடையேயும் ஒரே இறைவனை அறிந்த ஞானியர் உளர் என்று அவனுக்கு நம்பிக்கை ஊட்டப்படுகிறது.

மூன்றாவதாக, இறைவன் ஒருவனாகவும் மூவராகவும் இருப்பதில் உலகின் உடன்பாட்டைப் பெறுவது கடினம் என்று அவன் கூறுகிறான். இதற்குக் கிடைக்கும் விடை நூலிலேயே மிக ஆழமானது. படைப்போன் என்னும் நிலையில் இறைவனை ஒருமையும் மும்மையும் கொண்டு பேசலாம். எல்லையற்றவன் என்னும் நிலையிலோ ஒருமை, மும்மை ஆகிய எச்சொல்லும் அவனுக்குப் பொருந்தாது என்கிறது இறைவார்த்தை. 'கற்றறிந்த அறியாமை'யின் சாரம் இந்தியனை நோக்கியே உரைக்கப்படுகிறது என்பது கவனத்துக்குரியது.

இப்பகுதியில் வியப்பும் ஏமாற்றமும் ஒருங்கே எழுகின்றன. எச்சொல்லுக்கும் அடங்காத பரம்பொருள் குறித்த உரை இந்தியனுக்குக் கிடைக்கிறது. அவன் நாட்டிலும் அத்தகைய சிந்தனை உண்டோ என்று அவனிடம் எவரும் வினவவில்லை. நிக்கோலோ டி கோன்டி என்னும் வெனிசிய வணிகர் மயிலாப்பூர் உள்ளிட்ட இந்திய நகரங்களைக் கண்டு திரும்பி, தம் பயணத்தை எடுத்துரைக்க, அதனைப் பாப்பரசரின் செயலர் பொஜ்ஜோ அதே நூற்றாண்டின் நாற்பதுகளில் எழுத்தில் வடித்திருந்தார். 1429 இல் புளோட்டசின் நாடகங்கள் அடங்கிய பழஞ்சுவடியைத் தேடிக் கொணர்ந்து உரோமை அறிஞரிடையே நிக்கோலாஸ் பெயர்பெற்றபோது, அவ்வட்டத்தில் முன்னின்றவர் இதே பொஜ்ஜோ. அவ்வளவு அருகில் இருந்த செய்திகளின் சாயல்கூட இந்தியனின் பேச்சில் இல்லை. அவன் எழுப்பும் தடைகள் பண்டைய கிரேக்க, உரோமைப் பலதெய்வ வழிபாட்டைக் குறித்துத் திருச்சபைத் தந்தையர் எழுப்பிய தடைகளே.

எனினும், மக்களின் பழக்கம் எளிதில் மாறாது என்னும் அவனது கூற்று மெலிந்த குரலில் ஒலித்தாலும் உண்மையானது. ஞானியர் விண்ணகத்தில் உடன்பட்டாலும் மண்ணில் மக்கள் உடன்படுவரோ என்னும் ஐயமே அதில் உள்ளது. இவ்வையத்தை நிக்கோலாஸ் ஏட்டில் மட்டுமன்றித் தம் பணியிலும் எதிர்கொண்டிருந்தார்.

5. தூதர் கண்ட படிமங்கள்

1448 இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கோலாஸ் அவரைக் கர்தினாலாக்கினார். 1450 இன் இறுதியில் ஜெர்மன் நாடுகளுக்குத் திருச்சபைச் சீர்திருத்தத் தூதராகப் புறப்பட்ட அவர், 1452 வரை மறைமாவட்டங்கள், துறவு மடங்கள் பலவற்றை நேரில் கண்டார். பிராண்டன்பர்க் பகுதியிலுள்ள வில்ஸ்நாக் சிற்றூரில், 1383 இல் எரிந்த ஆலயமொன்றின் இடிபாடுகளில் குருதி தோய்ந்த நற்கருணை அப்பங்கள் மூன்று கிடைத்தன என்னும் நம்பிக்கையால் பெருந்திரளான மக்கள் திருப்பயணம் மேற்கொண்டு வந்தனர். 1451 ஜூலையில் ஹால்பர்ஸ்டாட்டிலிருந்து வெளியிட்ட ஆணையால் நிக்கோலாஸ் அத்தகைய அப்பங்களைக் காட்சிக்கு வைப்பதைத் தடைசெய்தார். மாட்சியடைந்த கிறிஸ்துவின் குருதி கண்ணுக்குப் புலனாகாதது என்பது அவரது இறையியல் காரணம். குருக்கள் பொருளாசையால் இதனை ஊக்குவிக்கின்றனர் என்பது சமூகக் காரணம்.

இந்தியனுக்குச் சொல்லப்பட்ட விடையும் வில்ஸ்நாக் ஆணையும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. பூசகர் புனைவு பற்றிய கண்டனம் இந்தியர்க்கு மட்டும் உரியதன்று. தம் திருச்சபைக் குருக்களையும் அதே அளவுகோலால் அளந்த பின்னரே அவர் அதனை எழுதினார். அவரை வெறும் வேற்றுச்சமயப் பகைவராகக் காண்போர்க்கு இது தக்க மறுமொழியாகும். வில்ஸ்நாக் மக்கள் அவரது ஆணைக்குச் செவிசாய்க்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. திருப்பயணம் மேலும் நூறாண்டு தொடர்ந்து, 1552 இல் லூத்தரன் போதகர் ஒருவர் அவ்வப்பங்களை எரித்த பின்னரே ஓய்ந்தது. இந்தியன் எழுப்பிய ஐயத்தை வில்ஸ்நாக் மெய்ப்பித்தது.

அதே தூதுப் பயணத்தின் மற்றோர் ஆணையை இவ்வாறு நியாயப்படுத்த இயலாது. யூதர் தம்மை வேறுபடுத்திக் காட்டும் அடையாளத்தை உடையில் அணிய வேண்டும், வட்டித் தொழிலைக் கைவிட வேண்டும் என்று 1451 இல் அவர் விதித்தார். 1215 ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்க விதியை நடைமுறைப்படுத்தியதாக இதற்கு விளக்கம் கூறலாம். ஆயின் இரண்டாண்டுகள் கழித்து எழுந்த 'சமய நம்பிக்கையின் அமைதி'யில், யூதர் உடன்படாமற் போனாலும் இணக்கத்துக்குத் தடையில்லை, அவர்கள் சிலரே, படைவலியால் உலகைக் கலக்க இயலாதவர் என்னும் கருத்து பேதுருவின் உரையில் இடம்பெறுகிறது. யூத ஞானி ஒருவரையும் அவையில் அமரவைத்த நூல், யூத மக்களின் மறுப்பை எண்ணிக்கையைக் காட்டி ஒதுக்கிவிடுகிறது. பேசலில் எண்ணிக்கையை ஏற்க மறுத்தவர் இங்கு எண்ணிக்கையையே துணைகொள்கிறார். செயலும் சிந்தனையும் வெவ்வேறு என்று பிரித்து இந்நூலைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6. பிரிக்சன்: ஒப்புதல் பெறாத ஆயர்

1450 இல் ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள பிரிக்சன் மறைமாவட்டத்துக்கு அவர் ஆயராக நியமிக்கப்பட்டார். அப்பேராலயக் குருக்குழு ஏற்கனவே வேறொருவரை முறைப்படி தேர்ந்தெடுத்திருந்தது. குருக்குழுக்களின் தேர்தலுரிமையை ஏற்ற 1448 ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை நிறைவேற உழைத்தவருள் நிக்கோலாசும் ஒருவர். ஒப்புதலின்றி ஆயர் இல்லை என்று எழுதியவர், ஒப்புதலின்றியே ஆயரானார்.

சோனன்பர்க் பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்தின் தலைவி வெரனா ஃபான் ஸ்டூபனோடு எழுந்த பூசல் அவரது ஆட்சிக்காலத்தின் பெரும்புண்ணாயிற்று. உயர்குடிப் பெண்கள் வாழ்ந்த அம்மடத்துக்கு நிலங்களும் வரியுரிமைகளும் இருந்தன. கடுமையான அடைப்பு ஒழுக்கத்தை ஆயர் வலியுறுத்தினார். தலைவி தம் மடத்தின் பழைய உரிமைகளைக் காட்டி, திரோல் கோமகன் சிகிஸ்முண்டின் பாதுகாப்பை நாடினார். திருச்சபை விலக்கம், வழிபாட்டுத் தடை ஆகிய படைக்கலங்கள் அடுத்தடுத்து ஏவப்பட்டன. 1458 இல் மடத்துக்குரிய வரியைத் திரட்டச் சென்ற கூலிப்படையினரை ஆயரின் படைத்தலைவன் எனபெர்க் பள்ளத்தாக்கில் தாக்கியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழஞ்சுவடிகளைத் தேடி எடுக்கும் நிக்கோலாசின் புலமை, இங்கு ஆயரின் பழைய ஆட்சியுரிமைகளை நிறுவும் கருவியாயிற்று. 1457 முதல் ஓராண்டுக்கும் மேலாக அவர் ஆந்த்ராஸ் மலைக்கோட்டையில் ஒதுங்கி வாழ நேர்ந்தது. 1460 உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் புருனெக் நகரில் கோமகனின் படை அவரை முற்றுகையிட்டுப் பணியவைத்தது.

சீர்திருத்தம் தேவையற்றது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் வெரனாவின் பக்கத்து நியாயத்தை ஆயர் ஒருபோதும் நியாயமாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் கண்ணுக்கு அது வெறும் கீழ்ப்படியாமை மட்டுமே. விண்ணக அவையில் மறுப்புக்கு இடம் வைக்காதவரின் மனநிலையே மலைநாட்டு மறைமாவட்டத்திலும் செயற்பட்டது.

7. பார்க்கும் படிமம்

பவேரியாவின் தெகர்ன்சே மடத்துத் துறவியர்க்காக 1453 நவம்பரில் அவர் முடித்த 'இறைக்காட்சி' என்னும் நூல் மேற்கண்ட அனைத்தையும் வேறோர் ஒளியில் காட்டுகிறது. இறைவனை நாம் காணுதல், இறைவன் நம்மைக் காணுதல் ஆகிய இருபொருளும் இலத்தீன் தலைப்பில் அடங்கியிருப்பது போலவே 'இறைக்காட்சி' என்னும் தமிழ்த் தொகையிலும் அடங்கியுள்ளன. நூலோடு ஓர் ஓவியத்தையும் அவர் அனுப்பினார். எங்கு நின்று நோக்கினும் நோக்குவோனையே பார்ப்பது போன்ற முகம் அது.

அதனைச் சுவரில் மாட்டி, துறவியர் எதிரெதிர்த் திசைகளில் நடந்து பார்க்குமாறு அவர் பணிக்கிறார். ஒவ்வொருவரும் அம்முகத்தின் பார்வை தம்மையே தொடர்வதைக் காண்பர். அதே பார்வை எதிர்த்திசையில் செல்பவரையும் தொடர்கிறது என்பதை ஒருவர் தாமாக அறிய முடியாது. எதிரே வருபவரிடம் கேட்டு, அவர் சொல்லை நம்பியே அறிய வேண்டும்.

நிக்கோலாசின் சிந்தனை முழுவதிலும் மிக உயர்ந்த இடம் இதுவே எனலாம். இறைப்பார்வை என்மீது மட்டுமன்று, பிறர்மீதும் உள்ளது என்னும் அறிவு, பிறரின் சாட்சியமின்றி வாய்ப்பதில்லை. மேலும், இந்தியனுக்குக் கூறப்பட்ட விதிக்கும் இதுவே சிறந்த எடுத்துக்காட்டு. இறையறிவுக்கு இட்டுச்செல்லும் படிமம் தகும் என்று செப்டெம்பரில் எழுதியவர், நவம்பரில் தாமே ஒரு படிமத்தை வழிகாட்டியாக அனுப்புகிறார். கோயிலில் எழுந்தருளும் திருவுருவுக்குக் கண் திறக்கும் சடங்கை அறிந்தவர்க்கு, காணப்படும் உருவம் காண்பவனையும் காண்கிறது என்னும் கருத்து புதிதன்று. அதனை விண்ணக அவையில் எடுத்துக்கூற இந்தியனுக்கு வாய்ப்பிருந்தது. அவன் வாயில் அச்சொற்கள் வைக்கப்படவில்லை. 'இறைக்காட்சி' வகுத்த அளவுகோலால் 'சமய நம்பிக்கையின் அமைதி'யை அளந்தால், எதிரே நடந்து வந்தவனிடம் கேட்காமலே அவன் கண்டது இன்னதென முடிவுசெய்த நூலாக அது நிற்கிறது.

8. தமிழ்ச் சூழலிலிருந்து இரு ஒப்பீடுகள்

பல சமயத்தாரை ஒரே இடத்தில் பேசவைக்கும் இலக்கிய உத்தி தமிழுக்கு அயலானதன்று. மணிமேகலையின் 'சமயக்கணக்கர் தந்திறங்கேட்ட காதை'யில், வஞ்சி மாநகரில் அளவைவாதி முதல் பூதவாதி வரையான சமயவாதியர் தத்தம் கொள்கைகளை எடுத்துரைக்க மணிமேகலை கேட்கிறாள். அக்காப்பியமும் பௌத்தமே மெய்ந்நெறி என்னும் முன்முடிவோடு எழுந்ததே. ஆயினும் அங்கு மெய்யை நாடுபவள் வினவுகிறாள். பிற சமயத்தார் தத்தம் கலைச்சொற்களால் விடை கூறுகின்றனர். நிக்கோலாசிடம் பிற சமயத்தார் வினவுகின்றனர்; மெய்யை உடையவர் விடை கூறுகிறார். மறுக்கப்படுவதற்காகவேனும் மாற்றுக்கொள்கை அதன் சொந்தச் சொற்களில் பதிவாகும் வாய்ப்பு முதல் அமைப்பில்தான் உண்டு. ஆசீவகம் பற்றி அறிய விழைவோர் இன்றும் அக்காதையை நாடுவதற்கு அதுவே காரணம். 'சமய நம்பிக்கையின் அமைதி'யிலிருந்து இந்தியச் சமயங்கள் பற்றி எவரும் எதனையும் அறிய இயலாது.

இரண்டாவது ஒப்பீடு வரலாற்றைச் சார்ந்தது. எது நம்பிக்கை, எது வெறும் வழக்கம் என்னும் வினா, 1606 இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலியின் பணியில் மண்ணளவில் எழுந்தது. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியன சமூக வழக்கங்களே என்று அவர் வாதிட, 1623 இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றை நிபந்தனைகளோடு ஏற்றார். 1704 இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் விதித்த தடைகளும், 1744 இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் வழங்கிய தீர்ப்பும் அவ்விடத்தைப் பெரிதும் சுருக்கின. சடங்குகள் பலவாகலாம் என்று விண்ணகத்தில் ஏற்பது எளிது. எது சடங்கு என்று வகுக்கும் உரிமை எவருடையது என்பதே மண்ணில் எழும் தகராறு. நிக்கோலாசின் நூல் இவ்வுரிமையைப் பவுலின் கையில் விட்டுவிடுகிறது. மதுரையிலும் புதுச்சேரியிலும் அது உரோமையின் கையில் இருந்தது.

முடிவுரை

உரோமையில் பாப்பரசர் இரண்டாம் பயஸின் ஆலோசகராக இறுதி ஆண்டுகளைக் கழித்த நிக்கோலாஸ், 1459 இல் பாப்பரசரின் அரசவையையும் உட்படுத்தும் பொதுச் சீர்திருத்தத் திட்டமொன்றை வரைந்தார். 1461 அளவில் குர்ஆனைச் சலித்தெடுத்து நற்செய்தியோடு ஒத்தவற்றைத் தேடும் நூலொன்றையும் முடித்தார். எட்டாண்டுகளுக்கு முன் சிலுவைப்போரின் ஆரவாரத்துக்கிடையே அமைதியைப் பற்றி எழுதியவர், பயஸ் தொடங்கிய சிலுவைப்போருக்கு உதவும் பயணத்தில், 1464 ஆகஸ்ட் 11 அன்று தோதி நகரில் காலமானார். உடல் உரோமையில் புனித பேதுரு சங்கிலி ஆலயத்திலும், இதயம் கூஸ் நகரில் அவர் நிறுவிய முதியோர் இல்லத்தின் சிற்றாலயத்திலும் அடக்கம் செய்யப்பட்டன. கிறிஸ்துவின் வயதை நினைந்து முப்பத்து மூன்று முதியவர்க்கென அமைந்த அவ்வில்லம், அவரது சுவடிகளைக் காக்கும் நூலகத்தோடு இன்றும் இயங்கிவருகிறது.

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிக்கோலாசின் செயலையும் சிந்தனையையும் பிரித்து நோக்கும் மரபு, 'சமய நம்பிக்கையின் அமைதி'யின் அமைப்பை விளக்கப் போதுமானதன்று. பேசலின் பிளவும், வில்ஸ்நாக் ஆணையும், யூதர் மீதான விதிகளும் அந்நூலின் உள்ளேயே செயற்படுகின்றன. இரண்டாவது, அந்நூலை இன்றைய பொருளில் சமய நல்லிணக்க நூலாகக் கொள்வது மிகைக்கூற்றாகும். போருக்கு மாற்றாக உரையாடலை அது முன்வைத்தது. அவ்வுரையாடலில் மறுதரப்புக்குரிய சொற்களையும் தானே எழுதிக்கொண்டது. மூன்றாவது, அக்குறையை உணர்ந்து திருத்தும் அளவுகோல் அவரது மற்றொரு நூலிலேயே, அதே ஆண்டிலேயே, உள்ளது. ஆதலின் அவரை வெளியிலிருந்து கண்டிப்பதினும், 'இறைக்காட்சி'யைக் கொண்டு 'சமய நம்பிக்கையின் அமைதி'யைத் திருத்திப் படிப்பதே தகுந்த திறனாய்வு முறையாகும். அவ்வாறு படிக்கையில், நான்காவது இருக்கையில் பெயரின்றி அமர்ந்திருக்கும் இந்தியன் கேட்டவை முடிந்து, அவன் சொல்ல வேண்டியவை இன்னும் எஞ்சியிருப்பது புலனாகும்.